பாட்டு ஃபைலைச் சுருக்கிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பென் டிரைவ் நிறைந்துவிட்டது, ஃபோனில் இடமில்லை என்று பாட்டுகளைச் சுருக்கியாயிற்று. அதன்பிறகு வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: அளவு குறையவில்லை, ஜால்ரா இழுக்கிறது, குரல் காணாமல் போய்விட்டது, கார் ஸ்டீரியோ படிக்கவில்லை. கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலிலும், செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் வருகிறது. உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்ப் படித்தால் போதும். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

## கை வைக்கும் முன்

மூல ஃபைலை அழிக்காதீர்கள். சுருக்கியதை நாலு நாள் கேட்டுப் பார்த்த பிறகு அழிப்பதா வைப்பதா என்று முடிவு செய்யலாம். கீழே உள்ள கோளாறுகளில் பாதிக்கு மேல் "மூலத்திலிருந்து மறுபடி சுருக்குங்கள்" என்றுதான் முடிகின்றன. மூலம் இல்லையென்றால் அந்த வழி அடைபட்டுப்போகும்.

பிட்ரேட் என்பது ஒரு விநாடிப் பாட்டுக்குச் செலவாகும் தரவின் அளவு; கேபிபிஎஸ் என்றால் விநாடிக்கு இத்தனை கிலோபிட். அளவைக் கணக்குப் போட ஒரு வாய்ப்பாடு: பிட்ரேட் (கேபிபிஎஸ்) × நிமிடம் × 0.0075 = மெகாபைட். 5 நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ்-இல் 4.8 மெகாபைட், 320-இல் 12 மெகாபைட். அதே பாட்டு சிடியில் இருக்கும்போது (1,411 கேபிபிஎஸ்) ஏறக்குறைய 53 மெகாபைட். 32 ஜிபி பென் டிரைவில் 320-இல் சுமார் 2,600 பாட்டு கொள்ளும். பிட்ரேட் சராசரி 190 என்றால் 4,400-க்கு மேல். கையில் உள்ள ஃபைலின் அளவு இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே பல கோளாறுகள் பிடிபட்டுவிடும்.

கருவிகள் எல்லாம் இலவசம்தான். மாற்றுவதற்கு ஃபூபார்2000 (அதன் இலவச என்கோடர் தொகுப்பையும் சேர்த்து நிறுவுங்கள்; என்கோடர் என்பது ஒலியைச் சுருக்கும் மென்பொருள்), திருத்துவதற்கு ஆடாசிட்டி, பெயர் விவரங்களுக்கு எம்பி3டேக், அலைவரிசைப் படம் பார்க்க ஸ்பெக், மறுசுருக்கம் இல்லாமல் வெட்ட எம்பி3டைரக்ட்கட்.

எந்த அமைப்பில் சுருக்குவது? எதில் வேண்டுமானாலும் ஓட வேண்டுமென்றால் எம்பி3, லேம் என்கோடர், வேரியபிள் பிட்ரேட் (இடத்துக்கு ஏற்ப மாறும் பிட்ரேட்), தர நிலை வி2. ஆடாசிட்டியில் இதே அமைப்பு "170-210" என்று தெரியும். லேமில் வி0 பெரியது, வி9 சிறியது. எண் கூடக்கூட ஃபைல் சிறுக்கும், ஒலியும் இளைக்கும். 320 வைத்தே தீருவேன் என்று நிற்பவர்களோடு சண்டையில்லை. பஸ்ஸில் இயர்ஃபோனில் கேட்க அது வீண் சுமை என்பது மட்டும்தான் எங்கள் கருத்து.

## அறிகுறி: சுருக்கியும் அளவு குறையவில்லை, அல்லது கூடிவிட்டது

அட்டைப்படம். முதலில் பார்க்க வேண்டியது இதுதான். பலர் கடைசியில் பார்ப்பதும் இதுதான். 128 கேபிபிஎஸ்-இல் 5 நிமிடப் பாட்டு 4.8 மெகாபைட் இருக்க வேண்டும். 8 காட்டுகிறதா? மீதி 3.2 மெகாபைட் ஃபைலுக்குள் ஒட்டியிருக்கும் ஆல்பம் படம். 3000 × 3000 புள்ளிப் படத்தைப் பன்னிரண்டு பாட்டிலும் தனித்தனியாக ஒட்டி வைத்திருப்பார்கள்.

எம்பி3டேகில் ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் இடப்பக்கம் கீழே படமும் அதன் அளவும் தெரியும். படத்தை வெளியே எடுத்து 500 × 500 ஜேபெக்காகச் சுருக்கி மறுபடி ஒட்டுங்கள். நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. படத்தை எடுத்த பிறகும் அளவு இறங்காமல் அப்படியே நிற்கலாம். படம் இருந்த இடத்தை வெற்றிடமாக விட்டுவைப்பதால் அப்படி ஆகிறது. ஃபூபாரில் பாட்டின் மேல் வலது கிளிக் செய்து, யுட்டிலிட்டீஸ் பகுதியில் ஃபைல் அமைப்பைச் சீராக்கி அளவைக் குறைக்கும் கட்டளையை ஓடவிட்டால் அந்த இடமும் போய்விடும். ஒலியில் கை வைக்காமல் மிச்சம் பிடிக்கும் வழி என்பதால், வேறெதையும் செய்வதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

ஏற்கெனவே சுருங்கிய ஃபைல். 128 எம்பி3-ஐ எடுத்து மாற்றியில் 320 என்று கொடுத்தால் அளவு இரண்டரை மடங்காகும். ஒலி ஒரு துளிகூட ஏறாது. கரும்புச் சக்கையைப் பெரிய ஆலையில் கொடுத்தாலும் சாறு வராது. மாற்றும் முன் ஃபைலின் பண்புகளில் பிட்ரேட்டைப் பாருங்கள். 160-க்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள். அதிலிருந்து மேலும் பிழிந்தால் அடுத்த அறிகுறிக்கு வந்து நிற்பீர்கள்.

ஸிப் செய்தது. எம்பி3, அதைப் போலவே சுருக்கும் ஏஏசி, ஒலி இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் எதையும் ஸிப் கோப்பாக்கினால் பேருக்குத்தான் குறையும். அனுப்புவதற்கு ஒரே பொட்டலமாகக் கட்டலாம், அதற்கு மேல் பயனில்லை.

ஃப்ளாக்கிலிருந்து ஃப்ளாக். சுருக்க நிலை 5-இலிருந்து 8-க்கு ஏற்றினால் ஓரிரண்டு சதவீதம் குறையலாம். நேரத்துக்கு அது கட்டாது. ஆனால் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக் (ஒலியை விநாடிக்கு 96,000 முறை அளந்து பதிந்தது) என்றால் விஷயம் வேறு. சுருக்காத கணக்கில் அது 4,608 கேபிபிஎஸ். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. வீட்டில் கேட்பதற்கு அதில் இழப்பு என்று எதுவும் காதில் படாது. ஃபூபாரில் ரீசாம்ப்ளரைச் சேர்த்து 44,100 கொடுத்து, வெளியீட்டு ஆழம் 16 பிட் என்று வையுங்கள்.

குப்பைத்தொட்டி. மாற்றியாயிற்று, பழையதை அழித்தாயிற்று, ஆனால் ஃபோனில் இடம் வரவில்லை. ஃபைல் ஆப்பில் "ட்ராஷ்" பகுதியைத் திறந்து காலி செய்யுங்கள். சில மாற்றிகள் பழையதையும் புதியதையும் ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொண்டிருக்கும். அதையும் ஒரு தடவை பாருங்கள்.

## அறிகுறி: ஜால்ரா, சலங்கை, "ஸ" ஒலி தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது

இதைச் சோதிக்க நல்ல இடம் கச்சேரிப் பதிவின் கைதட்டல். இருபது விநாடி போதும். நல்ல சுருக்கத்தில் தனித்தனிக் கைகள் கேட்கும். முன்வரிசையில் ஒருவர் மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தட்டி நிறுத்துவதுகூடப் பிரிந்து கேட்கும். சுருக்கம் மிஞ்சியிருந்தால் எல்லாம் கலந்து, அப்பளம் பொரிகிற சத்தமாகிவிடும். கைதட்டல் இல்லாத பாட்டென்றால் ஜால்ராவும் கோரஸும் சேர்ந்து வரும் இடத்தை எடுங்கள். வீணை தனியாக வரும் இடத்தை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். எவ்வளவு சுருக்கினாலும் அது பெரும்பாலும் தப்பித்துவிடும்.

ப்ளூடூத்தா? முதலில் வயர் இயர்ஃபோனில் கேளுங்கள். ப்ளூடூத் அனுப்பும்போது ஒலியை இன்னொரு முறை சுருக்குகிறது. ஓரளவு சுமாரான எம்பி3-க்கு மேல் அந்தச் சுருக்கமும் ஏறும்போதுதான் இந்த நீர்க்கோவைச் சத்தம் வெளியே வரும். வயரில் சரியாக இருந்தால் ஃபைலில் குறையில்லை.

பிட்ரேட் போதவில்லையா? ஸ்டீரியோ எம்பி3 128-க்குக் கீழே இருந்தால் இதுவே காரணம். மூலத்திலிருந்து வி2-இல் மறுபடி செய்யுங்கள். இடம் அதற்குத் தாங்காது என்றால் எம்பி3-ஐ விட்டுவிட்டு வடிவத்தையே மாற்றுங்கள். ஓபஸ் 96 கேபிபிஎஸ், அல்லது ஏஏசி 128. 2012-இல் தரமாக அறிவிக்கப்பட்ட ஓபஸ், குறைந்த பிட்ரேட்டில் எம்பி3-ஐவிடத் தெளிவாக மேலானது. 5 நிமிடப் பாட்டு 3.6 மெகாபைட்டில் அடங்கிவிடும். ஆண்ட்ராய்டு 5.0-இலிருந்து ஓபஸ் ஓடும். பழைய ஃபோனில் பாட்டுப் பட்டியலில் தெரியாவிட்டால் ஃபைல் நீட்டிப்பை ஓபஸிலிருந்து ஓஜிஜி என்று மாற்றிப் பாருங்கள். ஐபோனின் மியூசிக் ஆப்பில் கேட்பவர்கள் ஏஏசி-யோடு நிற்பது நல்லது.

மூலமே ஏற்கெனவே பிழிந்ததா? பண்புகளில் 320 என்று காட்டும், ஒலியோ மங்கலாக இருக்கும். ஸ்பெக்கில் ஃபைலை இழுத்துப் போடுங்கள். படத்தில் வண்ணம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள் (இங்கே கிலோஹெர்ட்ஸ் என்பது ஒலியின் அதிர்வெண்; மேலே போகப்போகக் கீச்சொலி):

- 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் நறுக்கியதுபோல் நின்றால், அது 128 அல்லது அதற்கு நெருக்கமான ஃபைலிலிருந்து ஊதிப் பெருக்கப்பட்டது.
- 19, 20 வரை போய் நின்றால் நல்ல பிட்ரேட் எம்பி3.
- 22 வரை மங்கி மங்கிப் போனால் சிடி தரம்.

இதை வைத்து உடனே தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். 1950, 60-களின் திரைப்பாடல்களில் 10, 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மூலத்திலேயே பெரிதாக ஒன்றும் இருக்காது. அவற்றில் வண்ணம் சரிவாக மங்கும், சுவர்போல் வெட்டுப்படாது. சரிவு என்றால் பதிவின் வயது, சுவர் என்றால் சுருக்கியவரின் கைவரிசை. சுவர் தெரிந்தால் அந்தப் பிரதியிலிருந்து மீட்க வழியில்லை. நல்ல மூலம் தேட வேண்டும். சிடி கிடைத்தால் வாங்குவதுதான் இதில் செலவுள்ள வழி. கிடைக்காவிட்டால், இருப்பதை மேலும் சுருக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இரைச்சல் நீக்கம் அதிகமானதா? காசெட்டிலிருந்து எடுத்த பாட்டென்றால் இந்த நீர்ச்சத்தம் சுருக்கத்தால் வராமல், இரைச்சல் நீக்கியதால் வந்திருக்கலாம். கீழே காசெட் பகுதியைப் பாருங்கள்.

## அறிகுறி: மிருதங்க, கஞ்சிரா அடி மழுங்கிக் கேட்கிறது, அடிக்குச் சற்று முன் "ஷ்" என்று ஒரு நிழல்

எம்பி3 ஒலியைச் சிறுசிறு துண்டாக வெட்டித்தான் சுருக்குகிறது. திடீர் அடி ஒரு துண்டின் நடுவே விழுந்தால், சுருக்கத்தில் எழும் இரைச்சல் துண்டு முழுவதும் பரவி அடிக்கு முன்னாலும் கேட்கும். மோர்சிங், கடம், தவில், சாப்பு விழும் இடங்கள் இதற்கு மாட்டும்.

மாறாத பிட்ரேட்டில் (128 சிபிஆர் போல) சுருக்கியிருந்தால் வேரியபிளுக்கு மாறுங்கள். தனி ஆவர்த்தனத்தில் என்கோடர் வேண்டிய இடத்தில் கூடுதல் பிட் எடுத்துக்கொள்ளும், தம்புரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் மிச்சம் பிடிக்கும். வி2-லும் கேட்டால் அந்த ஒரு ஃபைலை மட்டும் வி0-வில் செய்யுங்கள்; மொத்தத் தொகுப்பையும் ஏற்ற வேண்டாம். ஓபஸ், ஏஏசி இரண்டும் அடிகளை எம்பி3-ஐவிட நன்றாகக் கையாளும்.

உண்மையாகவே கேட்கிறதா, மனப்பிரமையா என்று சந்தேகம் இருந்தால் ஃபூபாரின் ஏபிஎக்ஸ் ஒப்பீட்டில் (தனியாகச் சேர்க்க வேண்டிய துணைக்கருவி) போடுங்கள். எது மூலம், எது சுருக்கியது என்று மறைத்துவிட்டுக் கேட்க வைக்கும். 16 முறையில் 12-க்குக் குறைவாகச் சரியாகச் சொன்னால், அந்த வித்தியாசத்துக்காக வட்டு இடத்தைச் செலவிட வேண்டாம்.

## அறிகுறி: மோனோவாக்கியதும் குரல் காணவில்லை, வாத்தியம் மட்டும் கேட்கிறது

அளவைப் பாதியாக்க ஸ்டீரியோவை (இடம், வலம் என்று இரண்டு சேனல்) மோனோவாக்குவது (ஒரே சேனல்) நல்ல வழிதான், பேச்சுக்கும் பழைய பாட்டுக்கும். ஆனால் இரண்டு சேனல்களில் ஒன்று தலைகீழாகப் பதிவாகியிருந்தால், இரண்டையும் கூட்டும்போது நடுவில் இருக்கும் குரல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். வயர் முனை மாற்றி ஒட்டப்பட்ட கேபிளில் பதிவு செய்தால் இப்படி ஆகும்.

சோதனை: ஸ்டீரியோ மூலத்தை ஒரே ஒரு ஸ்பீக்கர் உள்ள ஃபோனில் போடுங்கள். அங்கேயும் குரல் மங்கினால் காரணம் இதுதான். ஆடாசிட்டியில் ட்ராக் பெயரைச் சொடுக்கி "ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ" கொடுங்கள். கீழ் ட்ராக்கை மட்டும் தேர்ந்தெடுத்து எஃபெக்ட் பகுதியில் "இன்வெர்ட்". பிறகு இரண்டையும் சேர்த்து மோனோவாகக் கலக்குங்கள். குரல் திரும்பி வரும்.

## அறிகுறி: உரத்த இடங்களில் கரகரப்பு

1. ஃபோனில் ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் இருந்தால் அணையுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.
2. மூலத்தைக் கேளுங்கள். மூலத்திலும் கரகரப்பு இருந்தால் ஆடாசிட்டியில் அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் மொட்டையடித்தாற்போல் தட்டையாக இருந்தால் பதிவிலேயே போய்விட்டது, சுருக்கியதன் தவறல்ல.
3. மூலம் சுத்தம், சுருக்கியதில் மட்டும் என்றால், உச்சிகள் எல்லைவரை ஏற்றிவைத்த பாட்டைச் சுருக்கியதும் சில உச்சிகள் எல்லை தாண்டுகின்றன. எம்பி3கெய்ன் என்ற மென்பொருளில் போட்டு ஒன்றிரண்டு படி இறக்குங்கள். ஒரு படி 1.5 டெசிபல். ஒலியை மறுபடி சுருக்காமல் ஃபைலில் உள்ள அளவு எண்ணை மட்டும் மாற்றுவதால் தரம் குறையாது, மறுபடி பழையபடி ஏற்றவும் முடியும்.
4. மறுபடி சுருக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே ஆடாசிட்டியில் உச்சியை மைனஸ் 1 டெசிபலுக்கு இறக்கிவிடுங்கள்.

எல்லா ஃபைலிலும், எல்லாக் கருவியிலும் ஒரே ஸ்பீக்கரில் மட்டும் கரகரத்தால் ஃபைலை நோண்டாதீர்கள். ஸ்பீக்கர் கோன் கிழிந்திருக்கும். ஆடியோ மெக்கானிக்கிடம் போக வேண்டிய வேலை.

## அறிகுறி: சுருதி இறங்கிவிட்டது, பாட்டு நீளமாகிவிட்டது

பாட்டின் நேரத்தை மூலத்தோடு ஒப்பிடுங்கள். 5 நிமிடம் இருந்தது 5 நிமிடம் 26 விநாடி ஆகியிருந்தால் விநாடிக்கு 48,000 முறை அளந்து பதிந்த (48 கிலோஹெர்ட்ஸ்) ஒலியை 44.1 என்று நினைத்து ஓட்டுகிறது. சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கியிருக்கும். நேர்மாறாக 4 நிமிடம் 36 விநாடி ஆகியிருந்தால் 44.1-ஐ 48 என்று ஓட்டுகிறது. சுருதி அதே அளவு ஏறும்.

மூலத்தை ஆடாசிட்டியில் திறந்து, ட்ராக் பெயரின் கீழுள்ள "ரேட்" பட்டியலில் சரியான எண்ணைத் தேர்ந்தெடுங்கள். மெனுவில் இருக்கும் "ரீசாம்ப்பிள்" வேறு. அது தவறான சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மாற்றும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மணிக்கணக்கில் சுற்றுவீர்கள்.

சுருதி ஒரே அளவில் இறங்காமல் ஏறி இறங்கி ஆடினால் அது காசெட் டெக்கின் பெல்ட் தளர்ந்த கோளாறு. பெல்ட்டை மாற்றி மறுபடி பதிவு செய்வதுதான் தீர்வு.

## அறிகுறி: ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும்போது ஒரு கணம் வெட்டுகிறது

எம்பி3 ஒவ்வொரு ஃபைலின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனத்தைச் சேர்க்கும். லேம் அந்த அளவை ஃபைல் தலைப்பில் எழுதி வைக்கிறது. ஃபூபார் அதைப் படித்து மௌனத்தைத் தள்ளிவிட்டு ஓட்டும், பல கார் ஸ்டீரியோக்கள் படிப்பதில்லை. காருக்கு என்றால் ராகம், தானம், பல்லவி மூன்றையும் சுருக்குவதற்கு முன்பே ஒரே ஃபைலாக ஒட்டிவிடுங்கள். சுருக்கிய பிறகு ஒட்டினால் அந்த மௌனமும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும்.

## அறிகுறி: நேரம் தப்பாகக் காட்டுகிறது, நடுவில் தள்ளினால் வேறெங்கோ போகிறது

வேரியபிள் பிட்ரேட் ஃபைலின் தலைப்புத் தகவல் காணாமல் போயிருக்கிறது. ஃபூபாரின் யுட்டிலிட்டீஸ் பகுதியில் "ஃபிக்ஸ் விபிஆர் எம்பி3 ஹெடர்" கொடுங்கள், ஒலி மாறாது. அதற்கும் சரியாகாவிட்டால் "ரீபில்ட் எம்பி3 ஸ்ட்ரீம்". பழைய ஸ்டீரியோ சரிசெய்த பிறகும் தப்பாகக் காட்டினால், அதற்கு மட்டும் மாறாத 192-இல் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: கணினியில் ஓடுகிறது, கார் ஸ்டீரியோவில் ஓடவில்லை

எந்த ஃபைலுமே தெரியவில்லை என்றால் பென் டிரைவின் ஃபார்மட். பெரிய டிரைவ்கள் பல எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன. பழைய ஸ்டீரியோக்களுக்கு ஃபேட்32 வேண்டும். 32 ஜிபி-க்கு மேற்பட்ட டிரைவுக்கு விண்டோஸ் ஃபேட்32 தர மறுத்தால் ரூஃபஸ் என்ற மென்பொருளில் செய்யலாம். ஃபார்மட் செய்தால் உள்ளிருப்பதெல்லாம் போய்விடும், முதலில் நகலெடுங்கள்.

சில மட்டும் தெரியவில்லை என்றால் ஓபஸ், ஃப்ளாக், எம்4ஏ (ஏஏசி பாட்டு பெரும்பாலும் வரும் ஃபைல் வகை) வகையாக இருக்கும். கையேட்டில் எந்தெந்த வகை என்று போட்டிருக்கும். பழைய வண்டிக்கு எம்பி3 தவிர வேறெதையும் நம்ப வேண்டாம்.

பாட்டு ஓடுகிறது, பெயர் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றால் ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லை. அதற்கு மருந்து கிடையாது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டியதுதான். பெயர் கட்டமாக இல்லாமல் கன்னாபின்னாவென்று ஐரோப்பியக் குறிகளாகத் தெரிந்தால், ஒருங்குறிக்கு முந்தைய டிஸ்கி, டேப் போன்ற குறியீட்டில் எழுதப்பட்ட பழைய ஃபைல். அந்த எழுத்துகளை என்எச்எம் கன்வெர்ட்டரில் ஒருங்குறிக்கு மாற்றி எம்பி3டேகில் ஒட்டுங்கள். எம்பி3டேகின் அமைப்பில் "ஐடி3வி2.3 யுடிஎஃப்-16" என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் பெரும்பாலான கருவிகள் படிக்கும்.

## அறிகுறி: காசெட்டிலிருந்து எடுத்தவை மட்டும் சுருங்க மறுக்கின்றன

90 நிமிடக் காசெட்டின் இரண்டு பக்கமும் சுருக்காத வேவ் ஃபைலாக 950 மெகாபைட் வரும். ஃப்ளாக்கில் போட்டாலும் சிடிப் பாட்டு குறைகிற அளவுக்குக் குறையாது. வி2-இல் போட்டாலும் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக நிற்கும். காரணம் பின்னணியில் ஓடும் "உஸ்". என்கோடருக்கு அது இரைச்சல் என்று தெரியாது. சங்கீதத்துக்குத் தரும் மரியாதையை அதற்கும் தந்து பிட்டைக் கரைக்கும்.

இந்த வரிசையில் போங்கள்.

முதலில் வெட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் வெறும் டேப் ஓடும் சில நிமிடங்கள் இருக்கும். ஏற்கெனவே எம்பி3 ஆக்கிவிட்டிருந்தால் எம்பி3டைரக்ட்கட்டில் வெட்டினால் ஒலி மறுசுருக்கம் ஆகாது.

அடுத்து, பதிவு உண்மையில் மோனோவா என்று பாருங்கள். வானொலியிலிருந்தோ ஒரு மைக்கிலோ பிடித்த கச்சேரி மோனோவாகத்தான் இருக்கும், இரண்டு சேனலிலும் ஒன்றே இருக்கும். இங்கே ஒரு நுணுக்கம்: இரண்டையும் கூட்டி மோனோ ஆக்காதீர்கள். டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட் சற்றுச் சாய்ந்திருந்தால் இரு சேனலும் மயிரிழை முன்பின்னாக இருக்கும்; கூட்டும்போது மேல்ஸ்தாயிக் கூர்மை கரைந்துபோகும். இரண்டில் தெளிவாக இருக்கும் சேனலை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள்.

இரைச்சல் நீக்கம் மூன்றாவதாகத்தான் வரவேண்டும், அதுவும் கொஞ்சமாக. ஆடாசிட்டியில் பாட்டில்லாத இரண்டு விநாடியைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் ப்ரொஃபைல் (இரைச்சலின் மாதிரி) எடுங்கள். தம்புரா ஓடும் இடத்தை எடுத்துவிடாதீர்கள். அது சுருதியையே இரைச்சலென்று நினைத்துத் துடைக்கும். பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்து 6 டெசிபல் குறையுங்கள். 9 வரை போகலாம். 20 என்று வைத்தால் "உஸ்" சுத்தமாகப் போகும், கூடவே ஜால்ராவும் வயலினின் வில் தேய்ப்பும் போய், குரலைச் சுற்றி நீர்க்குமிழிச் சத்தம் வரும். கொஞ்சம் உஸ் இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு நிமிடத்தில் காது அதை மறந்துவிடும், குமிழியை மறக்காது.

கடைசியாகச் சுருக்குங்கள். மோனோ சங்கீதத்துக்கு எம்பி3 96 கேபிபிஎஸ். 90 நிமிடம் 65 மெகாபைட். சொற்பொழிவு, பட்டிமன்றம், கதாகாலட்சேபம் என்றால் மோனோ எம்பி3 64 போதும், 43 மெகாபைட். ஓபஸ் என்றால் 32 போதும், 22 மெகாபைட்டுக்குள். பாட்டும் பேச்சும் கலந்து வந்தால் பாட்டின் அளவையே வையுங்கள். இரைச்சல் நீக்காத மூலத்தை ஃப்ளாக்கில் ஒரு வெளிவட்டில் போட்டு வைத்துவிடுங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

காசெட்டில் வெண்பூஞ்சை தெரிந்தாலோ, டேப் ஒட்டிக்கொண்டு சுற்ற மறுத்தாலோ, அறுந்திருந்தாலோ டெக்கில் போடவே கூடாது. பூஞ்சை ஹெட்டுக்கு ஏறி அடுத்த காசெட்டுக்கும் பரவும். ஸ்பூல் டேப், 78 வேக இசைத்தட்டு இரண்டுக்கும் சரியான கருவி வீட்டில் இருக்காது. எல்லாக் காசெட்டும் ஒரே மாதிரி மங்கலாகக் கேட்டால், ஹெட்டைத் துடைத்த பிறகும் தெளியாவிட்டால், ஹெட்டின் சாய்வைச் சரிசெய்ய டெக் மெக்கானிக் வேண்டும்; திருகை நீங்களே திருப்பினால் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

மூலம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் "டிக் டிக்" என்று சத்தமிட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும், வேண்டாம். ஓட ஓடத் தட்டு கீறும். தரவு மீட்பவரிடம் நேராகக் கொடுங்கள். இந்தப் பட்டியலில் அதிகம் செலவு பிடிப்பது இதுதான், அதனால் முதலில் மதிப்பீடு கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஜிட்டலாக்கக் கொடுக்கும்போது வாய்வார்த்தையாக விடாமல் எழுதிக் கொடுங்கள்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ், இரைச்சல் நீக்கம் செய்யாதது, இரண்டு சேனலும் அப்படியே. எம்பி3 மட்டும்தான் தருவோம் என்றால் வேறு இடம் பாருங்கள். வேவ் கைக்கு வந்து, முதல் நிமிடம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் கேட்டுச் சரிபார்த்த பிறகு காசெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்; அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள்.